தொழில் தெரிஞ்ச எவனும்

என் அக்கா தங்கபாயைக் கட்டிய பொன்னுராஜ் அத்தானுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கும் அதற்கு முன்னால் இருந்த கடைக்கும் நடந்துகொண்டிருப்பார். ரசத்தை எங்கே ஊற்றுவது என்று அக்கா கரண்டியோடு பின்னால் போவாள். கல்யாணப் பந்தியில் உட்காரவைத்தால் கால் ஆடும். அந்த ஆட்டத்தில் பக்கத்து இலைக்காரரின் டம்ளர் கவிழும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்பாள் எங்கள் அம்மா. அவரோடு கொஞ்ச நேரம் இருந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. ஊரைச் சுற்றி நூல் மில்கள். மில்லில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் வண்டியில் ஏற்றி இவரிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. என் பெயர் வைகுண்டராஜ். சட்டம் படிக்காமல் சட்டத்தோடேயே குடித்தனம் நடத்துகிறவன். இதை எழுதும்போது எனக்கு இடையிடையே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரில் சுற்றுகிற பாகம் ஒன்று, அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கிற பாகம் ஒன்று. நிற்கிறதற்கு ஸ்டேட்டர் என்று பெயர். அதன் உள்பக்கக் காடிகளில் செம்புக் கம்பிச் சுருள்களைப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு சுருளுக்கும் இரண்டு முனை. அந்த முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் வைத்து, குழாய்போல உறை மாட்டி, எல்லாவற்றையும் கொத்தாகச் சேர்த்து நூலால் கட்டிவிடுவது வழக்கம். வினையெல்லாம் அந்தக் கொத்தில்தான். மோட்டார் அதிர அதிரக் கம்பிகள் ஒன்றையொன்று உரசும். மில்லின் பஞ்சுத் தூசி அங்கே போய் அடையும், சூடு வெளியேறாது, உறை கருகும், ஒருநாள் புகை வரும்.

"எந்த மோட்டாரு வந்தாலும் அதே எடத்துலதான் வேகுது" என்று அத்தான் புலம்புவார். மற்ற வைண்டிங்காரர்கள் சிரிப்பார்கள். மோட்டார் எரிந்தால்தானே அவர்களுக்குப் பிழைப்பு.

எண்பத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் அத்தானின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வாய்க்கால் ஓரமாக ஓடியது. பாத்திக்கு ஒரு மடை. மண்வெட்டியால் மண்ணை விலக்கினால் அந்தப் பாத்திக்கு மட்டும் தண்ணீர் இறங்கும். வரப்பில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த அத்தான் சட்டென்று நின்றார்.

"ஏலே வைகுண்டம், ஒரு பாத்தித் தண்ணி இன்னொரு பாத்தித் தண்ணி மேல ஏறிப் போகுதா?"

"தண்ணி எப்படி அத்தான் ஏறும்?"

"அதான் கேக்கேன்" என்றவர், அண்ணி ஆக்கிவைத்த கறிச்சோற்றைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். அவருக்கும் சேர்த்து நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போனது. ஹைலம் என்று ஒரு தகடு உண்டு, கெட்டியாக, பழுப்பாக, மின்சாரம் பாயாததாக இருக்கும். அதை வளையமாக வெட்டினார். வளையத்தில் வட்டமாக மூன்று பள்ளம், பள்ளத்துக்கு ஒரு செம்புப் பட்டை. ஒவ்வொரு சுருளின் முனையும் நேராக இறங்கித் தனக்குரிய பட்டையில் உட்காரும். கொத்தும் கிடையாது, நூல்கட்டும் கிடையாது. சொல்லிவிட்டேன், செய்ததென்னவோ லேசில்லை. வளையம் விரிந்தது, பட்டை கழன்றது, கடைக்குள் கருகல் வாடை ஓயவே இல்லை. கடைசியில் ஒருநாள் அது ஸ்டேட்டரின் தலையில் சும்மாடு வைத்த மாதிரி அமைந்துவிட்டது. கடையில் கிடந்த தன்னுடைய மோட்டார் ஒன்றில் மாட்டி, மாசக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். வேகவில்லை.

எங்கள் வக்கீலிடம் சொன்னேன். யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் பேட்டண்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். மெட்ராஸில் அதற்கென்று இருக்கும் ஏஜெண்ட் ஒருவரையும் அவரே பிடித்துக் கொடுத்தார். பேட்டண்ட் என்றால் என்ன என்று அத்தானுக்கு நான் விளக்கினேன்: இதை முதலில் யோசித்தவர் நீங்கள்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளும், சில வருஷத்துக்கு உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் செய்து விற்கக் கூடாது. அவருக்கு இரண்டாவது பாதி காதில் ஏறவே இல்லை.

"நான் யோசிச்சேன்னு சர்க்கார் எழுதித் தருமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் யார் எதைப் புதிதாகச் செய்தாலும், பார்க்கிறவன் உதட்டைப் பிதுக்கி, "இதுல என்ன இருக்கு, நானும் நெனச்சேன்" என்பான். சைக்கிள் பெடலை வைத்துக் கம்பிச் சுருள் சுற்றும் மெஷின் ஒன்றை அத்தான் முன்பு செய்திருந்தார். கொஞ்ச நாளில் எல்லாக் கடையிலும் அது வந்துவிட்டது. எல்லோரும் தாங்களும் நினைத்ததாகவே சொன்னார்கள். "அம்புட்டு பேரும் நெனச்சானாம். அப்ப நான் யாருட்டி?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். வேலை செய்கிற மனுஷனுக்கு இது பெரிய வலி. பணம் வந்தாலும் ஆறாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பார்க்கிறவன் மட்டும் அல்ல, செய்தவனும் அதையேதான் சொல்ல வேண்டும். யாராவது புகழ்ந்தால், "இதுல என்ன இருக்கு" என்று தானே தன்னைத் தட்டிக்கொள்வதுதான் மரியாதை. ஆமாம், நான்தான் செய்தேன் என்றால் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள், கண்ணும் பட்டுவிடும். அத்தானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்தான்.

விண்ணப்பம் போட்ட பிறகு மில் மோட்டார்களில் வளையத்தை மாட்டத் தொடங்கினார். சேதி பரவியது. ஒருநாள் பெரிய மோட்டார் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர் கடைக்கு வந்தார். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றாராம். அத்தானும் நெளிந்துகொண்டு, "இதுல என்ன இருக்கு சார், தொழில் தெரிஞ்ச எவனும் செஞ்சிருவான்" என்றிருக்கிறார். அக்கா காபி கொடுத்து அனுப்பினாள்.

எண்பத்தெட்டில் அந்தக் கம்பெனி ஆட்சேபம் தாக்கல் செய்தது. தொழில் தெரிந்த சாதாரண ஆள், மேதையும் இல்லை, மடையனும் இல்லை, அவனுக்கு இந்த வளையம் தானாகவே தோன்றியிருக்கும். அதனால் இது கண்டுபிடிப்பே ஆகாது என்பது அவர்கள் வாதம். சட்டமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. அவர்கள் இரண்டு சாட்சி வைத்தார்கள். ஒன்று, இன்ஜினியரிடம் அத்தான் சொன்ன வார்த்தை, ஒரு எழுத்துப் பிசகாமல். தவளை தன் வாயால் கெடும் என்று அத்தான் காதுபடவே கத்தினேன். இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் வைண்டிங்காரர் பீர் முகமதுவின் வாக்குமூலம்: "இது லேசான வேலை, யாரும் செய்யக்கூடியது."

பீர் முகமதுவும் அத்தானும் ஒரே பட்டறையில் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். அவர் கடை வாசலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் டீலர் போர்டு தொங்கியது. கையெழுத்துப் போடாவிட்டால் போர்டு இறங்கிவிடும். அது எங்களுக்கும் புரிந்தது. புரிந்தால் மட்டும் மனசு கேட்குமா?

அத்தான் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவார். பீர் முகமது கடைக்கு எதிர்ச்சாரியில் நடப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வருவார், பிறகு பஸ் ஏறிப் போய்விடுவார். கோர்ட்டிலிருந்து வரும் வழியில் நானே பலமுறை பார்த்தேன். ஒருநாள் பீர் முகமதுவின் மனைவி அசீனா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"உள்ள வாங்கண்ணே. ஏன் வெயில்ல நடக்கிய? செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"இல்லம்மா, சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அவளுக்குப் பின்னால், கடைக்குள் இருட்டில், பீர் முகமது தலையைக் குனிந்தபடி கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்பதில் மெட்ராஸில் விசாரணை. கொல்லம் மெயிலில் போனோம். அத்தான் வழி முழுக்கக் கதவோரத்திலேயே நின்றார். பேட்டண்ட் ஆபீசில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் நாங்களும் எங்கள் ஏஜெண்டும், எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீலும் இன்ஜினியரும் பீர் முகமதுவும். நடுவில் விசாரணை அதிகாரி, நிதானமான மனிதர். மேசைக்கு அடியில் அத்தானின் கால் ஆட ஆட, மேலே இருந்த தண்ணீர்க் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

முதலில் அத்தானைக் கேட்டார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு வாய்க்காலையும் மடையையும் சொன்னார். கம்பெனி வக்கீல் சிரித்தார். "வாய்க்கால் நம்ம நாட்டில் எத்தனையோ காலமா இருக்கே." பிறகு கேட்டார், "தொழில் தெரிந்த எவனும் செய்வான் என்று சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னேன் சார்."

"அது உண்மையா, பொய்யா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? "மருவாதிக்குச் சொன்னது சார்" என்றார்.

"மரியாதைக்காகப் பொய் சொல்வீர்களா?"

 ஆமாம் என்றால் பொய்யர், இல்லை என்றால் தோற்றவர். எனக்கு அந்த வக்கீலின் கோட்டைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்தது பீர் முகமது. எங்கள் ஏஜெண்ட் ஏதேதோ கேட்டார், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அதிகாரியே கேட்டார்.

"இந்த வளையத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எப்படிக் கட்டுவீர்கள்?"

"நூல்ல சார்."

"எரியுமா?"

"எரியும். திரும்பவும் நூல்லயேதான் கட்டுவோம்."

"லேசான வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே."

"லேசுதான் சார்" என்றார் பீர் முகமது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் இன்ஜினியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்த பொறவு லேசு."

"பார்ப்பதற்கு முன்னால்?"

பீர் முகமது தலையை நிமிர்த்தி, மேசைக்கு இந்தப் பக்கம் அத்தானைப் பார்த்தார். அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"எனக்குத் தோணல சார். எங்க யாருக்குமே தோணல. எரிஞ்சா நமக்கு வேலைதானேன்னு இருந்துட்டோம். இவனுக்குத்தான் இருப்புக்கொள்ளல."

கிளாஸ்களின் சத்தம் நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பும் ரயிலில் அத்தான் தூங்கினார். உட்கார்ந்தபடியே, வாயைத் திறந்துகொண்டு, காலை அசைக்காமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும், அதே பெட்டியில் வந்த பீர் முகமதுவும் இறங்க வேண்டும். அத்தானை எழுப்பப் போனேன். "விடுங்க, அடுத்த ஸ்டேஷன்தான, தூங்கட்டும்" என்று பீர் முகமது தடுத்துவிட்டார். மனுஷன் ராஜபாளையத்தையும் தாண்டிச் சங்கரன்கோவில் வரை தூங்கிக்கொண்டே போயிருக்கிறார். அந்த மாசமே பீர் முகமது கடையில் போர்டு இறங்கியது.

தீர்ப்பு வர மறு வருஷம் ஆயிற்று. அதுவரை அத்தான் தபால்காரரைத் தேடித் தபாலாபீசுக்கே நடந்தார். வந்த உறையை நான்தான் பிரித்தேன். பேட்டண்ட் மறுக்கப்பட்டிருந்தது. தொழில் தெரிந்த எவனும் செய்வான் என்று விண்ணப்பதாரரே தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதை ஒதுக்க முடியாது என்று எழுதியிருந்தது. அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன்; காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும். மருவாதி காகிதத்தில் ஏறாது. இனி யார் வேண்டுமானாலும் அந்த வளையத்தைச் செய்யலாம். அந்தக் கம்பெனியே செய்யும், பின்னால் செய்யவும் செய்தது.  அப்பீல் போகலாம் என்று ஆரம்பித்தேன்.

அத்தான் கடைக்குள் நடந்துகொண்டே கேட்டார். "பீரு சொன்னது அதுல இருக்கா?"

அந்த இங்கிலீஷில் தேடினேன். இருந்தது. ஆனால் ஒரு ஆளின் அபிப்பிராயம் மட்டும் போதாது என்று அடுத்த வரியிலேயே தள்ளியிருந்தார்கள்.

"தமிழ்ல சொல்லு."

"பார்ப்பதற்கு முன் இது தனக்கோ, தன் தொழிலில் வேறு எவருக்கோ தோன்றவில்லை என்று சாட்சி கூறினார்."

அத்தான் நின்றார். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "போதும் மாப்ள" என்றவர், அப்பீலைப் பற்றிப் பேசவே விடவில்லை. அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், எதிர்ச்சாரியில் நடக்காமல், நேராகப் பீர் முகமது கடைக்குள் ஏறினார்.

போர்டு போனபின் அந்தக் கடையை நடத்த முடியவில்லை. பீர் முகமது ராஜபாளையத்துக்கே வந்து அத்தானோடு சேர்ந்துகொண்டார். தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் நான் அங்கே இருந்தேன். எரிந்த சுருளை ஸ்டேட்டர் கெடாமல் உருவி எடுக்க அத்தான் ஒரு புதுக் கருவி செய்திருந்தார். தளவாய்புரத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய், "அண்ணாச்சி, இது எப்படித் தோணிச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

அத்தான் தட்டும் கையுமாக நின்றார். "இதுல என்ன..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கழுத்து, காது எல்லாம் வெட்கத்தில் சிவந்துவிட்டது.

"தோணிச்சு" என்றார், தட்டைப் பார்த்தபடி. "எனக்குத் தோணிச்சு."

 உள்ளே கம்பி சுற்றிக்கொண்டிருந்த பீர் முகமது தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"ஆமா. எனக்குத் தோணல."