சம்பத்தின் சிவப்புக் கட்டு

கைகளை மூன்று முறை துடைத்துக்கொள்கிறார் சம்பத். முதலில் துண்டில், அடுத்துச் சட்டையில், கடைசியாக அதற்கென்றே மடித்து வைத்திருக்கும் கைக்குட்டையில். பிறகுதான் துளை போட்ட அந்த அட்டைகளைத் தொடுவார். சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தீனி அவைதான். ரயிலில் யாராவது அந்த அட்டைக் கட்டுகளை மேலே வைக்கச் சொன்னால் கோபம் வரும். "மேல வச்சா கவுந்துடும் சார். கவுந்தா என் ரெண்டு வருஷம் கலைஞ்சிடும்." காட்பாடியில் ஏறியதிலிருந்து அரக்கோணம் தாண்டியும் அவை அவர் மடியில்தான்.

சர்வே ஆபீசில் இருபத்திரண்டு வருடம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்து முட்டி தேய்ந்த மனிதர். மாலை வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்றார். செயற்கைக்கோள் அனுப்பும் ஒலியைக் கேட்டு, நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி ஒன்று அவர்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. அது எந்த மாதிரி இடத்தில் எவ்வளவு தப்புகிறது என்று கணக்கிடுவது சம்பத்தின் புரோகிராம்.

"ரயில் ஊதிக்கினே வருது. வர்றப்ப ஒரு சுதி, தாண்டிப் போறப்ப ஒரு சுதி. கண்ண மூடிக்கினு கேட்டாலும் எங்க நிக்கிறோம்னு தெரியுதுல்ல? அதான் இது. நடுவுல சுவரு இருந்தா தடுமாறும்," என்பார் கேட்பவர்களிடம்.

வெட்டவெளி, கோட்டைச் சுவரோரம், லாங் பஜார், மலையடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை என்று இடத்துக்கு ஒன்றாக ஐந்து கட்டுகள். குடியாத்தத்தில் தறி ஓட்டும் மச்சான் கொடுத்த லுங்கிக் கிழிசலில் கட்டுக்கு ஒரு நிறம். நான்கு ஒழுங்காக இருந்தன. ஆம்பூரின் சிவப்புக் கட்டு மட்டும் அடங்கவில்லை. அதே முற்றம், கருவியின் அதே ஏரியல் கம்பம்; ஒரு நாள் ஐம்பது மீட்டர் தப்பும், மறுநாள் நானூறு.

"மிஷின் நல்ல மிஷின். உங்க புரோகிராம்தான் சரியில்ல," என்றார் அதிகாரி ராமமூர்த்தி. "மூணாவது சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கலாம். நீங்க பழையபடி சங்கிலிய எடுத்துக்கிட்டு மலைக்குக் கிளம்பிடுங்க."

மூன்று வாரம் சம்பத் தன் புரோகிராமையே வரி வரியாகக் குடைந்தார். "தப்பு தன்னுதுன்னு தெரிஞ்சாத்தான் இவருக்குத் தூக்கமே வரும்," என்றாள் மனைவி கமலம். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் முதல் முறையாகத் தானே ஆம்பூருக்குப் போனார்.

கருவிப் பெட்டி ஷெட்டுக்குள் இருந்தது. முற்றத்தில் ஏரியல் கம்பத்தை இழுத்துக் கட்டிய நான்கு கயிறுகளிலும், கம்பத்தின் உச்சிவரை, ஈர ஆட்டுத்தோல்கள். அங்கே தோல் காயப்போடும் அமிர்தவள்ளி இன்னொன்றை வீசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"உங்க ஆபீஸ் ஆளுங்கதான சார் கொடி கட்டிக் குடுத்துட்டுப் போனாங்க?"

மேஸ்திரி ஹயாத் பாஷா ஓடி வந்தார். "எடம் கம்மி சார். லோடு ஜாஸ்தி வர்ற நாள்ல மட்டும்தான் போடறோம். இதுல உங்க மிஷினுக்கு இன்னா பேஜாரு?"

சம்பத் கவிழ்ந்து கிடந்த தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு வாரம்," என்றார். "ஈரத் தோலும் ஒரு சுவருதான் பாய்."

தோல்களை எடுத்தார்கள். இரண்டு மணிக்குச் செயற்கைக்கோள் கடந்தது. கருவி துப்பிய காகிதத்தில் நாற்பத்தைந்து மீட்டர்தான் தப்பு.

"அப்ப சரி. இனிமே போடல சார், கிளம்புங்க," என்றார் மேஸ்திரி.

சம்பத் எழவில்லை. ஒரு முறை சரியாக வந்தது தற்செயல் என்பார் ராமமூர்த்தி. தோல் தொங்கினால் தப்புகிறது என்பதையும் இன்றைக்கே காட்டியாக வேண்டும். "இந்த ஊர்ல எவன் வந்து இத நட்டாலும் சுத்தித் தோலு தொங்கத்தான் போவுது பாய்," என்றார். "அதையும் கணக்குல ஏத்தணும். மறுபடி போடும்மா."

"இப்பத்தான எடுக்கச் சொன்னீங்க!" அமிர்தவள்ளி இடுப்பில் கை வைத்தாள். "என் வேலைய நான் எப்ப பாக்கறது?"

அடுத்த செயற்கைக்கோளுக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. சம்பத் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொட்டியோரம் குவிந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்த தோல்களை இரண்டு கைகளாலும் மார்போடு வாரி எடுத்தார்.