மார்க்கப் இல்லாத கார்டு

1. இரண்டு இட்லி

சித்தூர் கிளையில் பதினோரு வருடம் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த என்னைத் திருப்பதிக்கு மாற்றியபோது கார்டு டெஸ்க்கில் போட்டார்கள். கிரெடிட் கார்டு விற்கிற வேலை. அன்றைக்கு என்னிடம் சொந்தமாக ஒரு கிரெடிட் கார்டுகூடக் கிடையாது. மேனேஜர் தெலுங்குக்காரர். நான் நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் தனக்கு வந்த தமிழில் தைரியம் சொன்னார்.

"ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. ஏர்போர்ட்ல லவுஞ்ச் ஃப்ரீ, பாயின்ட்ஸ் ஃப்ரீ, அது மட்டும் சொல்லுங்க. மிச்சம் எல்லாம் புக்லெட்ல சின்ன எழுத்துல இருக்குது."

அந்தச் சின்ன எழுத்தை அவரும் படித்ததில்லை, நானும் படிக்கவில்லை. முதல் மாதமே புத்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று வந்தார். லவுஞ்ச் கார்டை அவர் தலையில் கட்டினேன். ஒன்றரை மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"லவுஞ்சுல இட்லி ஃப்ரீன்னு சொன்னியேம்மா, ரெண்டு இட்லி துன்னேன். அந்த ரெண்டு இட்லிக்கு உங்க பேங்க் எவ்ளோ புடிச்சிருக்குது பாரு."

பார்த்தேன். வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் செலவுக்கு மேல் பாங்க் குறிப்பிட்ட சதவீதம் போட்டுக்கொள்ளும். அதற்கு ஃபாரெக்ஸ் மார்க்கப் என்று பெயர். அந்தக் கார்டில் அது மூன்றரை. அதன் மேல் ஜி.எஸ்.டி. நூறு ரூபாய் செலவு செய்தால் நாலு ரூபாய்க்குச் சற்று மேல் சும்மா போகும். போதாததற்கு அங்கே கடைக்காரர் "உங்க ஊர் ரூபாயிலேயே பில் போடட்டுமா" என்று கேட்க, நம்மவர் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறார். அப்படிக் கேட்பது உபகாரம் இல்லை. அவர்கள் வைக்கிற ரேட்டில் இன்னும் கொஞ்சம் போகும். செலவை எப்போதும் அந்த நாட்டுப் பணத்திலேயே போடச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் செருகிப் பணம் எடுக்கவே கூடாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான்.

எங்கள் பாங்கிலேயே இன்னொரு கார்டு இருந்தது. லவுஞ்ச் இல்லை, பாயின்ட் இல்லை, பார்க்கவும் சுமாராக இருக்கும். ஆனால் மார்க்கப் பூஜ்யம். ஃபிக்ஸட் டெபாசிட் வைத்தால் சம்பளச் சீட்டு கேட்காமல் யாருக்கும் கொடுக்கலாம். அதை விற்றால் டார்கெட்டில் பாதிதான் ஏறும் என்பதால் ஒருவரும் விற்கமாட்டார்கள். நான் விற்க ஆரம்பித்தேன். "மீரு பேங்க் மனிஷா, கஸ்டமர் மனிஷா?" என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். நான் யாருடைய ஆள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கோ அதில் ஒரு கர்வம். சத்தியவேட்டிலிருந்தும் நகரியிலிருந்தும் "கார்டு மேடம்" என்று என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் கர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. பையன் நம்பர்

முனிரத்தினம் சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயி. நெல், வேர்க்கடலை. ஒரே பையன் பாலாஜி. திருப்பதியில் பாலிடெக்னிக் படித்து, கோலாலம்பூரில் ஏ.சி. மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போனவன். படிக்கிற காலத்தில் அவன்தான் எங்கள் கிளையில் அப்பாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தான். அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று பாஸ்போர்ட் எல்லாம் எடுக்க வைத்திருந்தான். கார்டு வாங்க முனிரத்தினம் மனைவி தேசம்மாவோடு வந்தார்.

"காசு கம்மியா ஆவற கார்டு நீங்கதான் குடுப்பீங்கன்னு சொன்னாங்க மேடம். பையன் கஷ்டப்பட்டு சம்பாரிக்கறான். நாங்க போயி அவனுக்கு செலவு வெக்கக் கூடாது."

மார்க்கப் இல்லாத கார்டுக்கு டெபாசிட் போட்டு விண்ணப்பம் ஏற்றினேன். ஓ.டி.பி. கேட்டது. கணக்கில் இருந்த மொபைல் நம்பர் பாலாஜியுடையது. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பாங்க், காஸ், ரேஷன், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் பையன் நம்பர்தான். பையன் வெளிநாடு போனால் அந்த சிம்மும் ரோமிங்கில் கூடவே போகும். பெரியவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள், அவன் படித்துச் சொல்வான்.

முனிரத்தினம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சத்தத்துக்கு நடுவே பாலாஜியின் முகம் வந்தது.

"நைனா, எழுதிக்கோ. ஃபோர் நைன் டபுள் டூ..."

"எனக்கு எங்க எழுத வருது? மேடம்கிட்டயே சொல்லுடா."

"மேடம், நைனாகிட்ட அந்த இன்டர்நேஷனல் ஸ்விட்ச்ச பத்தி சொல்லிடுங்க. அவரு கார்ட எங்கியாவது குடுத்துக்கினு நிப்பாரு."

கார்டு வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டுமானால் ஆப்பில் அதற்கென்று இருக்கும் ஸ்விட்ச்சை ஆன் செய்ய வேண்டும். அதற்கும் ஓ.டி.பி. வரும். "இப்பவே திறந்து வெச்சா திருட்டு பயம். ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் ஆன் பண்ணிக்கலாம்" என்றேன். பாலாஜியும் சரி என்றான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த நம்பரை மாற்றி, முனிரத்தினத்தின் கையில் இருக்கும் போன் நம்பரையே போட்டுவிட்டால் என்ன? ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பத்து நிமிட வேலை. ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது? "உங்க பையனால போன் எடுக்க முடியாமப் போனா?" என்றுதானே சொல்ல வேண்டும். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்காத ஊர் எங்களுடையது. அம்மாக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வார்த்தையை நான் எப்படிச் சொல்வேன்? விழுங்கிவிட்டேன்.

மார்க்கப்பைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன். தேசம்மா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப தாயே" என்றாள்.

3. இப்பவே போங்க

அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மழையில் பைக்கில் வேலைக்குப் போன பாலாஜியை லாரி ஒன்று இடித்துவிட்டது. தலையில் அடி. தேசம்மாவுக்குக் கால் வீக்கம், பயணம் முடியாது. முனிரத்தினம் மட்டும் ஊர்க்காரர்களின் உதவியோடு சென்னைக்குப் போய், கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். ஸ்விட்ச் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

காலை பதினோரு மணிக்கு என் போனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"மேடம், முனிரத்தினம். கார்டு போட்டா தள்ளிடுது. மூணு வாட்டி போட்டாங்க."

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, யாரும் எதையும் நிறுத்தவில்லை. அட்வான்ஸ் தொகையைச் சாயங்காலத்துக்குள் கட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாலாஜிக்கு நினைவு வரவில்லை. கூட வேலை செய்யும் வேலூர்ப் பையன் ஒருவன் துணைக்கு இருக்கிறான்.

நான் என் கம்ப்யூட்டரில் அவர் கணக்கைத் திறந்தேன். ஸ்விட்ச்சை நான் ஆன் செய்ய முடியாது. கால் சென்டருக்குப் போட்டேன். பதிவான நம்பரிலிருந்து வாடிக்கையாளரே கூப்பிட வேண்டும் என்றார்கள். நம்பர் மாற்ற வேண்டுமென்றால் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் நல்லவர், ஹெட் ஆபீசுக்கே பேசிப் பார்த்தார். இரண்டு வேலை நாள் ஆகும் என்றார்கள்.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாலாஜி போன் எங்க அண்ணா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சிக்கினு இருக்காங்களாம். அவன் பையி, ஹெல்மெட்டு, அல்லாம் அங்கதான்."

"போன் உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அந்த இந்தியா சிம்ம மட்டும் எடுத்து உங்க போன்ல போடுங்க. அஞ்சு நிமிஷத்துல நான் ஆன் பண்ண வெக்கறேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்த வேலூர் தம்பி, பெரிப்பா என் கார்டுல போட்டுக்கலாம், அப்பறம் பாத்துக்கலாம்ன்னு சொல்லுது. இன்னா பண்றது மேடம்? ஸ்டேஷன் தூரமா இருக்குதாம். நான் இங்கியே குந்திக்கினு இருக்கட்டுமா?"

இந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் எத்தனை தடவை ஒலித்திருக்கும் என்று எனக்கே தெரியாது. அவர் என்னிடம் அனுமதி கேட்டார். "இருங்க அண்ணா, அந்தத் தம்பி கார்டுலயே போடுங்க" என்று சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கை நிறைய லிமிட் இருக்கிற கார்டு, மார்க்கப் பூஜ்யம். இந்த அட்வான்ஸோடு செலவு முடியுமா, நாளைக்கும் கேட்பார்கள், அடுத்தவன் எத்தனை நாள் கொடுப்பான், ஸ்விட்ச் ஆனாகிவிட்டால் கவலை விட்டது. ஒரு தகப்பன் பிள்ளையின் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டபோதுகூட நான் கார்டு மேடமாகத்தான் இருந்தேன்.

"இல்ல அண்ணா, இப்பவே போயி சிம்ம வாங்கிடுங்க. இன்னைக்கே வேலைய முடிச்சிடலாம்" என்றேன்.

போனார். வேலூர்ப் பையனும் மொழிக்குத் துணையாகக் கூடப் போனான். ஸ்டேஷனில் உறவு என்று நிரூபிக்க பாஸ்போர்ட் காட்டி, கையெழுத்துப் போட்டு, பையை வாங்க மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலிலேயே நின்று சிம்மை மாற்றினார்கள். எனக்கு அழைப்பு வந்தது. ஓ.டி.பி. வந்தது. முனிரத்தினத்துக்கு ஆங்கில எண் படிக்க வராது, அந்தப் பையன் படித்தான், நான் ஆப்பில் எங்கே தொட வேண்டும் என்று சொன்னேன். ஸ்விட்ச் பச்சையாகிவிட்டது.

"ஆச்சு அண்ணா, இனிமே எங்க வேணாலும் வேலை செய்யும்."

"ரொம்ப உபகாரம் மேடம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், அவரும் பாராட்டினார். நான் டீ வாங்கிக் குடித்தேன்.

4. படிவம்

இரண்டு மாதம் கழித்து முனிரத்தினம் கிளைக்கு வந்தார். தேசம்மா வரவில்லை. செய்தி எனக்கு முன்பே தெரியும். வேலூர்ப் பையன் மறுநாளே சொல்லியிருந்தான். இருந்தாலும் அவரைப் பார்த்ததும் எனக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

கணக்கிலிருக்கும் நம்பரை மாற்ற வந்திருந்தார். பாலாஜியின் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டதாம். படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். அவர் குரலை உயர்த்தாமல், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாங்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தப்ப கண்ண தெறந்தானாம் மேடம். நைனா வந்தாரான்னு கேட்டானாம். அங்க ஒரு தமிழ் நர்சம்மா இருந்தாங்க. வந்துட்டாரு, இதோ வந்துடுவாருன்னு சொன்னாங்களாம். வாசப்பக்கமே பாத்துக்கினு இருந்தானாம். நான் போறப்ப மறுபடியும் நெனவு இல்ல. அப்பறம் வரவேயில்ல."

அந்தக் கார்டின் ஸ்டேட்மென்ட் என் திரையில் திறந்திருந்தது. மொத்தம் இரண்டு செலவு. ஒன்று ஆஸ்பத்திரி. இன்னொன்று பையனை ஊருக்குக் கொண்டுவந்த செலவு. இரண்டிலும் மார்க்கப் பூஜ்யம். நான் சொன்னபடியே ஒரு பைசா கூடுதலாகப் போகவில்லை.

அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணா, கார்டு குடுத்த அன்னைக்கே, பையன் நம்பர் வேணாம், அவனால எடுக்க முடியாமப் போனா கஷ்டம்னு நான் சொல்லியிருந்தா, மாத்தியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை.

"சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன் மேடம். எம்பொண்டாட்டி உங்கள சும்மா விட்டிருக்கமாட்டா."

கையெழுத்துப் போட்டுவிட்டு, கார்டை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஓய்வுபெறும் வரை ஆறு வருடம் அதே டெஸ்க்கில் இருந்தேன். இதைப் படிக்கும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மார்க்கப், கரன்சி, ஏ.டி.எம். எல்லாம் புக்லெட்டில் இருக்கிறது, படித்துச் சொல்லிவிடலாம். வெளிநாடு போகிற பெற்றோர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்டது வேறு. அந்த சிம் யார் கையில் இருக்கிறது, அவரால் எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? நகரியைச் சேர்ந்த ஓர் அம்மா, "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இன்னொருவர் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தார். டார்கெட் கால்வாசிகூட ஏறாத மாதங்கள் இருந்தன. நான் கேட்பதை நிறுத்தவில்லை.

முனிரத்தினமும் எழுந்து போயிருக்கலாம். வேறு பாங்கில் மூன்றரை சதவீத மார்க்கப்போடு ஒரு கார்டு வாங்கியிருக்கலாம். அவர் எழுந்து போயிருந்தால், இப்பவே போங்க என்று சொல்ல நான் இல்லாமல், பையன் கண் திறந்தபோது எதிரில் இருந்திருப்பார்.