சக்கரபாணி வண்டி மாற்றிய வருஷம்

மரக்காணம் டாக்சி ஸ்டாண்டில் கடைசியாக மிஞ்சியிருந்த அம்பாசிடர் சக்கரபாணியுடையது. சின்ன வயசில் உப்பு லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, சேர்த்த காசில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டியை வாங்கினார். அதை வைத்தே மகளைக் கட்டிக்கொடுத்தார், கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினார்.

உப்பளத்துப் பக்கம் பழைய வண்டி வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. மழைக்கு முன்னால் அடிப்பாகம் முழுக்கக் கழிவு ஆயில் பூசுவார். கதவின் கீழ்விளிம்பு துருப்பிடித்துப் பொரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தகடு வைத்துப் பற்றவைப்பார். ஸ்டாண்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புது வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கடன் கொடுக்கிறவர்கள் ஸ்டாண்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப்போன காலம் அது. ஆரோவில்லுக்கு வருகிறவர்களும் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்களும் ஏசி உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். சக்கரபாணிக்குக் கிடைத்தது கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி சவாரிதான்.

"ஏங்க, எல்லாரும் மாத்திட்டாங்க. நாமளும் ஒண்ணு எடுத்துடலாங்க" என்பாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி. "நீங்க அதுமேல உக்காந்து ஓட்டுற நேரத்தவிட, கீழ படுத்துக் கிடக்கிற நேரந்தான் அதிகம்."

"ஓடுற வண்டிய ஏன் விக்கச் சொல்றே?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறிய காலையில், சக்கரபாணி வண்டியைக் குப்பத்துத் தெருவுக்குள் இறக்கினார். சக்கரம் மூழ்கும் தண்ணீர். பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டி, உப்பளத்தில் வேலை செய்கிறவர், தானாகவே ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். இரண்டு பேருமாக அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கும் ஊருக்குமாக இருட்டும்வரை அலைந்தார்கள். சிலர் வழியிலேயே போய்விட்டார்கள். ஆனால் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் பழசு என்று கேலி பேசவில்லை. ஆஸ்பத்திரி என்றால் சக்கரபாணி வண்டிதான் என்று ஆகிவிட்டது.

அடுத்த ஆடியில் கோட்டக்குப்பம் மெக்கானிக் சிவப்பிரகாசம் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அண்ணே, அன்னிக்கு டேங்குக்குள்ள உப்புத்தண்ணி போயிருக்குது. உள்ளாற துரு பொரிஞ்சு கெடக்குது. டேங்கையே மாத்திடுங்க."

"பொங்கல் போகட்டும்பா. பாத்துக்கலாம்."

அதுவரை மோட்டார் இருமினால் சக்கரபாணி ஓரங்கட்டி, டீசல் பைப்பைக் கழற்றி வாயால் ஊதி அடைப்பெடுத்து, திரும்ப மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஐந்து நிமிஷ வேலை. செய்யச் செய்ய அது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் தண்ணீரில் மூழ்கி வேலை இல்லாத நாட்கள். ஒரு நாள் காலையில் மண்ணாங்கட்டியின் மனைவி கொளஞ்சியம்மாள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தவள், கையிலிருந்த சொம்பு நழுவ, அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைக்குப் போயிருந்த மண்ணாங்கட்டி செய்தி கேட்டு மழையில் ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் சக்கரபாணி வண்டியை எடுத்துவிட்டார். அகலமான பின்சீட்டில் கொளஞ்சியைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார் மண்ணாங்கட்டி.

புதுச்சேரி ரோட்டில் அனுமந்தை தாண்டியதும் மோட்டார் இருமியது. இரண்டு தடவை இழுத்துவிட்டு நின்றுபோனது.

ரோட்டின் இரு பக்கமும் ஒரே தண்ணீர்க்காடு. சக்கரபாணி பானெட்டைத் தூக்கிப் பைப்பைக் கழற்றி ஊதினார். அடைப்பு விடவில்லை. ஓடுகிற தண்ணீரில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து, டேங்க் பக்கத்துப் பைப்பைத் திருகினார். உள்ளங்கையில் துரு, கேழ்வரகு உமி மாதிரி வந்து கொட்டியது. அள்ளி வெளியே எறிந்தார். ஊதினார். டீசல் தொண்டைக்குள் போய்க் குமட்டியது. ஒரு லாரி சேற்றை வாரியடித்துவிட்டு நிற்காமல் போனது. அடைப்பு விட்டபிறகு பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. பம்பை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தோல் உரிந்தது.

"ஆச்சாப்பா?" என்று மண்ணாங்கட்டி உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை கேட்டார்.

வண்டி கிளம்பும்போது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டரம்மா, "எப்ப ஆரம்பிச்சுது? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கேட்டாள்.

"மழைங்க. ரோடெல்லாம் தண்ணிங்க" என்றார் மண்ணாங்கட்டி.

சக்கரபாணி அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். கொளஞ்சியை உள்ளே கொண்டுபோன பிறகு இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.

"ஸ்டாண்டுல வண்டி எதுவும் இல்லியா காலையில?" என்று கேட்டார் சக்கரபாணி.

"ரெண்டு நின்னுச்சு. தாண்டித்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன்யா எங்கிட்ட வந்தே?"

மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்தார். இதென்ன கேள்வி என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "உன் வண்டி இருக்கும்போது நான் எதுக்கு வேற வண்டிய கூப்புடப் போறேன்?"

கொளஞ்சி பிழைத்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போனது, பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் திரும்பியது. தை பிறந்து உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை தொடங்கியபோது, வருஷக்கணக்காக அவள் வேலை செய்த இடத்துக்கு வேறு பெண் போனாள்.

சக்கரபாணி அதற்குள் புது டேங்க் போட்டிருந்தார். வண்டி அருமையாக ஓடியது. ஆனால் சாவியைத் திருகும்போதெல்லாம் மோட்டார் இருமுகிறதா என்று அவர் காது தேடியது. ஆஸ்பத்திரிக்கு என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், "ஸ்டாண்டுல புது வண்டி நிக்குது பாரு, அதுல போயிடு" என்று அனுப்பிவிடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது, வண்டியை விற்கப்போகிறேன் என்றார்.

இத்தனை வருஷம் மாற்றச் சொன்ன பாக்கியலட்சுமிக்கே திக்கென்றது. "இப்பதான் நல்லா ஓடுதே?"

"ஓடுது. எனக்குத்தான் நம்பிக்கை இல்ல."

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற விழுப்புரத்து ஆள் ஒருவன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். சக்கரபாணி தெருமுனைவரை போய்ப் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

புதுசாக எடுத்தது ஒரு சின்ன வெள்ளை டீசல் கார். ஏசி இருந்தது. சத்தமில்லாமல் போனது. பானெட்டைத் திறந்தால் எது எதற்குப் போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய தேவையும் வரவில்லை. மாதத் தவணைக்காக ஏர்போர்ட் சவாரியெல்லாம் ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் மட்டும் எந்தச் சவாரியும் எடுக்க மாட்டார். அன்றைக்குக் கொளஞ்சியை ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

முதல் வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புது வண்டியின் பின்கதவு குறுகல், சீட்டும் தாழ்வு. மடங்காத காலோடு அவளை உள்ளே நுழைக்க முடியவில்லை. தலை கூரை விளிம்பில் இடித்தது. இறக்கி, மறுபடி தூக்கி, திருப்பி, எப்படிச் செய்தும் கால் வெளியே நின்றது. வியர்த்துப்போய் இருவரும் அவளைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

கொளஞ்சி இடது கையால் கதவைத் தட்டிக் காட்டினாள். "அண்ணே... பழசு... கதவு பெருசு" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சக்கரபாணி குனிந்து அவள் காலை மறுபடி பிடித்துக்கொண்டார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். மண்ணாங்கட்டி மறுபக்கக் கதவு வழியாக முதலில் உள்ளே ஏறி உட்கார்ந்து, அவளைக் கக்கத்தில் பிடித்துப் பின்னோக்கி இழுப்பார். சக்கரபாணி ஒரு கையைக் கூரை விளிம்பில் வைத்துத் தலை படாமல் தடுத்து, மறு கையால் காலைத் தூக்கி உள்ளே விடுவார். நான்கைந்து வாரத்தில் அது பழகிப்போனது.

மாசி மாதம், அவள் உள்ளே பயிற்சியில் இருந்த நேரம், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டே சக்கரபாணி ஆரம்பித்தார். "அந்த டேங்கு விஷயம்..."

"தெரியும்" என்றார் மண்ணாங்கட்டி.

"என்ன தெரியும்? சிவப்பிரகாசம் ஆடியிலயே சொன்னான்யா."

"அது எனக்குத் தெரியாது. ஆனா ரோட்டுல படுத்துக்கினு நீ துருவ அள்ளிப் போட்டது தெரியும். அது எங்க புடிச்ச துருன்னும் தெரியும். கடல் ஏறுன அன்னிக்கு நானும்தான் முன்சீட்ல குந்திக்கினு இருந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்குது. சில நாள் ரொம்ப இருக்குது. அதுக்காக உன்கூட பேசாம இருந்துட முடியுமா, சொல்லு."

சக்கரபாணி தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.

சித்திரையில் கொளஞ்சி கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். வண்டியில் ஏறும்போது, இழுக்க வந்த புருஷனை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இடது கையால் தன் வலது காலைத் தானே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது. இருவரும் குறுக்கே போகாமல் காத்திருந்தார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது உப்பளம் பக்கம் நிறுத்தச் சொன்னாள். உப்பு வாரும் சமயம். பெண்கள் பாத்தியில் இறங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கண்ணாடி" என்றாள்.

சக்கரபாணி ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். வெளியே யாரோ அவளை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொளஞ்சி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் வேலையை விட்டுவிட்டு, உப்பு ஒட்டிய கால்களோடு வரப்பேறி வண்டியை நோக்கி வந்தார்கள். சக்கரபாணி மோட்டாரை அணைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று கீழே இறங்கி நின்றார்.