வால் நறுக்கிய பூரான்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

எங்கள் வீட்டுத் தறிக்குழியில் எப்போதும் ஈரமண் வாசனை. குழி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதித்துத்தான் நெய்ய வேண்டும். பூரானுக்கும் அந்த ஈரம்தான் வீடு. அதன் வால்பக்கம் நீண்டிருக்கும் இரண்டு கால்களைப் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே "கொடுக்கு" என்றது. அறுபதுகளின் கடைசியில், எட்டு வயதில், அதை நம்பி ஒரு பூரானைப் பிடித்து, இழை வெட்டும் கத்தரியால் அந்த இரண்டையும் நறுக்கி, இனிக் கடிக்காது என்று குழியிலேயே விட்டேன்.

மறுநாள் நெய்துகொண்டிருந்த அம்மாவின் பாதத்தை அது கடித்தது. அம்மா பிடுங்கி எறியும்போது பார்த்தேன், தலைப்பக்கமாகத்தான் கவ்விக்கொண்டிருந்தது. அம்மா அதை அடித்துக் கொன்றாள்.

தறியில் இருந்தது அம்மனுக்குச் சாத்த வேண்டிய புடவை. பூரான் கடித்த செய்தி கேட்டு, சாயங்காலம் தெருப் பெரியவர் இரண்டு பேரோடு வந்தார், தறியில் நெய்யாமல் மீதி இருந்த பாவு நூலை அறுத்து வேறு தறிக்குக் கொண்டுபோக. "தீட்டோட குழியில எறங்கினா பூரான் சும்மா வுடுமா? இனிமே இந்தத் தறியில சாமி புடவை கெடையாதுபா" என்றார் அப்பாவிடம். அப்பா தலைகுனிந்து நின்றார்.

"என் தீட்டு என்னிக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க பூரானக் கேட்டுக்கினு வந்தீங்களா?" என்றாள் அம்மா.

ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவன் நான். அன்று செத்த பூரானை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னே நீட்டினேன்.

"நான்தான் வாலு நறுக்கி வுட்டேன். அப்பறம் எதால கடிச்சிது? இங்க பாருங்க."

தலைக்கு அடியில் அரிவாள் போல வளைந்து, நுனி கறுத்த இரண்டு குட்டைக் கால்கள். முன்னங்காலே அதற்கு விஷப்பல். அம்மாவின் பாதத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி.

"பெரியவங்கள எதுத்துப் பேசறியாடா?"

"ஆமா."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியவர் பாவு அறுக்கக் கத்தியை எடுத்தார். அதற்குள் அம்மா வீங்கிய காலோடு குழியில் இறங்கி, குறுக்கிழை ஓட்டும் நாடாவை வீசத் தொடங்கினாள். ஓடுகிற தறியில் கத்தி வைக்க அவருக்குக் கை வரவில்லை. புடவையை அம்மாவே நெய்து முடித்தாள்.

இப்போது அந்தக் குழியை மூடி சிமெண்டுத் தரை போட்டாகிவிட்டது. பூரான் இல்லை, பெரியவரும் இல்லை. எதற்காகவும் நான் வருந்தவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்தத் தீட்டுச் சொல் போகவில்லை. அம்மா செத்த பிறகும் உறவில் சிலர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். என் அம்மாவைக் கடித்தது பூரான். அதைக் குழியில் விட்டவன் நான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எழுதியது: ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.