இரண்டு முந்திரியும் ஒரு பலாப்பழமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தொழில், நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வெளிநாட்டில் புரோட்டான்களைத் தலைதெறிக்கும் வேகத்தில் மோதவிட்டு, மோதலின் தடங்கள் பதிந்த புகைப்படத் தட்டுகளை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். அதில் சார்ம் என்ற எடை மிகுந்த குவார்க், அணுவுக்கும் உள்ளே இருக்கிற வகைத் துகள், எத்தனை முறை பிறந்தது என்று அளப்பது என் ஆராய்ச்சி. அது பிறந்த மறுகணமே செத்துவிடும். ஒரு மெல்லிய கோடு சட்டென்று கவட்டை போலப் பிரிந்திருந்தால், அங்கே அது இருந்து போயிருக்கிறது என்று பெருமையோடு அறிவிப்போம். பாதி நேரம் அது வேறு ஏதோ சாதாரணத் துகள் செய்த வேலையாக இருக்கும்.

எங்கள் ஊர் தா.பழூரில் இதை யாரிடம் சொல்வது? என் தாய்மாமா, "தம்பி அணுகுண்டு ஆபீஸ்ல இருக்கான்" என்று ஊரெல்லாம் அளந்துவிட்டு, மீன்சுருட்டிப் பக்கம் ஒரு முந்திரித்தோப்புக்காரர் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போனார்.

பெண் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். காபியை நீட்டிவிட்டு ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் உள்ளே போனதும் அவள் அப்பா கேட்டார்.

"தம்பி என்ன வேல பாக்குறீங்க?"

புத்தியுள்ளவன் ஆராய்ச்சி என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் பலகாரத் தட்டிலிருந்து இரண்டு முந்திரிப்பருப்பை எடுத்தேன்.

"இந்த ரெண்டையும் பயங்கர வேகத்துல மோதவுட்டா, எப்பவாவது ஒரு பலாப்பழம் வருங்க."

"முந்திரி மோதுனா முந்திரிதான செதறும்?"

"இல்லீங்க. அந்த வேகமே எடையா மாறிடும்."

பிறந்ததிலிருந்து முந்திரியோடு வாழ்ந்தவர். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பலாப்பழத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

"யாராலயும் பாக்க முடியாதுங்க. ஒடனே வெடிச்சிடும். கொட்ட செதறிக் கெடக்குறத வச்சிக் கண்டுபிடிப்போம்."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. அவள்தான், அவளுக்கும் என்னைப் பிடித்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டினேன். உற்சாகம் தாங்காமல், கோடிக்கணக்கான மோதல்களில் பலாப்பழம் வரவே வராது என்பதையும் சேர்த்து விளக்கினேன். மாமா என் தொடையைக் கிள்ளினார்.

பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால், "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று சொல்லிக் கிளம்புவது எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் பரம்பரை உரிமை. அன்றைக்கு மாமா எழுந்திருப்பதற்குள் பெண்ணின் அப்பாவே கைகூப்பிவிட்டார். "போயிட்டு வாங்க. நாங்க லெட்டர் போடுறோம்." கங்கைகொண்ட சோழபுரம் கட்டின நாளிலிருந்து இப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை என்று மாமா பஸ் முழுக்கப் புலம்பினார்.

நான் அந்தச் சிரிப்பை நம்பி, வராத லெட்டருக்காகக் காத்திருந்தேன். அவளை அரியலூரில் சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிமெண்ட் கண்ணுக்குத் தெரிகிற பொருள்.

சில வருடம் கழித்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் குழந்தையோடு அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பலாப்பழம் கெடச்சுதுங்களா?"

"கொஞ்சம் கெடச்சுதுங்க. டாக்டர் பட்டமும் குடுத்துட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்கிக் கதவுக்குப் பின்னாடி நீங்க சிரிச்சீங்களே..."

"சிரிச்சது எங்க அண்ணிங்க." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அப்பா வேணாம்னுதான் சொல்லப்போறாருன்னு தெரிஞ்சிபோச்சு. நான் அடுப்படியில அழுதுகிட்டு இருந்தேன்."

ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

உண்மையில் நடந்தும் நம் கண்ணுக்குத் தப்பிப்போகிறவற்றை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று தேர்வாளர்கள் பாராட்டினார்கள்.