கட்டுப் போட்ட கால்

ஆட்டக்காரர்களின் காலைப் பிடித்துவிட்டே தலை வழுக்கையானவர் மாமா. கால்பந்து கிளப்பில் எல்லோருக்கும் அவர் மாமாதான், புதிய கோச்சுக்கு மட்டும் "ஏய், எண்ணெய்!" பழைய கோச்சின் ஆட்களை வந்த அன்றே ஓரங்கட்டியவன் அவன். இன்று தோற்றால் அவன் வேலை காலி. மாமா அதற்காகத்தான் காத்திருந்தார்.

அந்தக் கிளப்பில் வலிக்கிற காலுக்குக் கட்டுப் போடமாட்டார்கள். நல்ல காலுக்குப் போடுவார்கள். எதிரணி ஏமாந்து அதையே உதைக்கும். இதைப் புதிய கோச்சிடம் யாரும் சொல்லவில்லை. கோல் அடிக்கிற குட்டையனின் இடது காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, அங்கே அழுத்தினான் கோச்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப நீ ஆடுற."

"இன்னையோட பீடை ஒழிஞ்சுது மாமா," என்று காதைக் கடித்தார் ஜெர்சி துவைப்பவர்.

குட்டையன் எழுந்தான். வலது காலை ஊன்றியதும் உதட்டைக் கடித்தான்.

"யோவ் கோச்சு! வலிக்கிறது மத்தக் கால். இவனை உக்கார வை," என்று கத்தினார் மாமா.

"இவ்வளவு நேரம் என்னய்யா பண்ணுன?"

"நீ நாசமாப் போறதை வேடிக்கை பாத்தேன். இவன் கால் போறதைப் பாக்க முடியல."

குட்டையன் இல்லாமலே ஆட்டம் டிரா ஆனது. கோச்சின் வேலை தப்பியது. மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.