சூரியனுக்கு லீவு விட்ட நாள்

மழை பெய்த தேதி, பஸ் கட்டணம் ஏறிய தேதி எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைக்கிற ஆள் நான். எண்பதுகளின் பிற்பாதியில், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு எதிரே மட்டும் ‘எரியவில்லை’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் நன்றியோடுதான் படிக்கிறேன்.

அப்போது எனக்கு விழுப்புரத்தில் எழுத்தர் வேலை. என் மனைவி பிரம்மதேசத்தை அடுத்த ஒரு சிற்றூரில், துணை சுகாதார நிலையத்து நர்ஸ். ஊருக்குள் கரண்ட் உண்டு. ஏரிக்கரையோரம் தனியாக நின்ற அந்தக் கட்டடத்துக்குக் கம்பம் வரவில்லை. இருட்டிய பிறகு வரும் பிரசவங்களுக்கு நிலையத்து ஆயா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை விளக்கின் கண்ணாடி சூட்டில் வெடித்துவிட்டது. கைதடவித்தான் தொப்புள்கொடியைக் கட்டியதாக மனைவி சொன்னாள். அதன்பின் பொழுது சாய்ந்தாலே அவள் முகம் மாறும்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்துக்கு ஒரு வேன் வந்தது. அதில் இருந்தவர்கள் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை, சூரிய மின்சாரத்தைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லி, நன்கொடை திரட்டி, இருட்டில் கிடக்கும் மருத்துவ நிலையங்களுக்கு விளக்கு கொடுத்துக்கொண்டே போகிறவர்கள். அடுத்து திண்டிவனத்தில் அவர்களுக்குக் கூட்டம்; அதற்கு முன் என் மனைவி வேலை பார்க்கும் ஊருக்கும் வாருங்கள் என்று கேட்டேன். வந்தார்கள். ஒரே நிபந்தனை: ஊர் கூடி ‘வேண்டும்’ என்று கேட்டால்தான் விளக்கு. இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

காலையில் நிலையத்து மொட்டைமாடியில் கண்ணாடித் தகட்டை வைத்து, காலி பேட்டரியை இணைத்தார் வேனோடு வந்த எஞ்சினீயர். பகல் முழுக்க வெயில் ஏறினால் பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும் என்று விளக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பேசப் போனார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மண்டகப்பட்டில் பொறித்துவைத்திருப்பது எனக்கு நினைவு வந்தது. இங்கே எண்ணெயும் திரியும் தீக்குச்சியும் இல்லாமல் ஒரு விளக்கு.

டீக்கடைக்காரர் மட்டும் நம்பவில்லை. “எல்லாம் உள்ள பேட்டரிக் கட்டை போட்டு ஏமாத்துற வேலை சார். டார்ச்லைட் மாதிரி.” ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

பொழுது சாய்ந்தது. ஊரே கூடியிருந்தது. எஞ்சினீயர் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. மறுபடி போட்டார். ம்ஹூம்.

“இன்னா சார், சூரியனுக்கு இன்னைக்கு லீவா?” என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாடிக்கு ஓடிய எஞ்சினீயர், கையில் ஈரச் சாக்கோடு இறங்கி வந்தார். “யாரும்மா இதைப் போட்டது?”

“நான்தாங்க,” என்றார் ஆயா. “கண்ணாடி அந்தக் கொதி கொதிக்குது. அரிக்கேன் மாதிரி வெடிச்சிட்டா நர்சம்மா இன்னா பண்ணும்? பாவம்னு காலைலயே மூடினேன். அப்பப்ப தண்ணியும் தெளிச்சிக்கினு இருந்தேன்.”

டீக்கடைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். “இரு, அக்கா. உள்ள கட்டை இருந்தா நீ மூடினாலும் எரியணுமே?”

“அத்த ஏன் என்னாண்ட கேக்குற?” என்றார் ஆயா.

“அப்ப மெய்யாலுமே வெயிலாலதான் எரியுதா? சார், நாளைக்கு மூடாம வச்சிப் பாக்கலாம். நானே காவல் இருக்கேன்.”

திண்டிவனம் கூட்டத்தை எங்களுக்காக ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் டீக்கடைக்காரர் தலையில் துண்டோடு மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். கடையை அவர் மனைவி பார்த்துக்கொண்டார். அன்று சுவிட்சைப் போட்டதும் பிரசவ அறை வெள்ளையாகிவிட்டது. “எங்களுக்கு வேணும்” என்ற முதல் குரல் அவருடையது. என் மனைவி கத்தரிக்கோலையும் நூலையும் எடுத்து, அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

காத்திருந்த அந்த வேன்காரர்களுக்கு நான் கடன்பட்டவன். அவர்களைவிட ஆயாவுக்கு. முதல் நாளே விளக்கு எரிந்திருந்தால், டார்ச்லைட் என்று சொல்லி ஊர் கலைந்து போயிருக்கும்.

அதன்பின் ஆயாவுக்கு நிழலே ஆகாது. தகட்டின் மேல் சாய்ந்த முருங்கைக் கிளையை அவரே வெட்டினார். ஐப்பசியில் ஒருநாள் வானம் மூடியபோது, மாடியில் நின்று அண்ணாந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்:

“ஜல்தியா நவுரு! நர்சம்மாவுக்கு இன்னைக்கு ஒரு கேஸு இருக்குது.”